ஜிடிபியில் பிரேக்பாயிண்ட்டை அழிக்காமல் அணைத்து வைப்பது எப்படி?

ஜிடிபி என்பது நிரலில் பிழை தேட உதவும் கருவி. ஓடும் நிரலை அது நிறுத்த வேண்டும் என்று நாம் குறித்துவைக்கும் இடமே பிரேக்பாயிண்ட். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்காக சி++ மொழியில் பில் நிரல் எழுதினேன். தொகை தவறியது எப்போதாவது ஒரு பில்லில்தான். ஜிடிபியோ சரியான பல பில்களிலும் நின்றது. எரிச்சலில் 'டிலீட் 2' என்று கொடுத்து இரண்டாம் எண் பிரேக்பாயிண்ட்டை அழித்தேன். எப்போது நிற்க வேண்டும் என்று அதற்குப் பாடுபட்டு எழுதிய நிபந்தனையும் சேர்ந்து அழிந்தது. அன்று தேவைப்பட்டது 'டிசேபிள்'தான்.

(கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.)

முதலில் 'இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்'. ஒவ்வொரு பிரேக்பாயிண்ட்டின் எண்ணும் வரும். அருகில் 'ஒய்' இருந்தால் விழித்திருக்கிறது, 'என்' இருந்தால் உறங்குகிறது.

அடுத்து 'டிசேபிள் 2'. நிரல் அந்த வரியில் நிற்காது. நிபந்தனை பத்திரமாக இருக்கும். 'டிசேபிள் 2-5' என்று வரிசையாகவும் அணைக்கலாம். திரும்ப எழுப்ப 'எனேபிள் 2'.

இங்கே கவனம் தேவை. எண் போடாமல் 'டிசேபிள்' என்று மட்டும் தட்டினால் எல்லாமே அணைந்துவிடும், வாட்ச்பாயிண்ட்டும் (ஒரு மதிப்பு மாறும்போது நிரலை நிறுத்துவது) சேர்த்து. எண் இல்லாத 'டிலீட்' ஒருமுறை கேட்டு உறுதிசெய்யும். 'டிசேபிள்' கேட்பதே இல்லை. நிரல் எங்கும் நிற்காமல் ஓடி முடிய, பிழை தானாகச் சரியாகிவிட்டது என்று நம்பி ஒரு மாலை முழுவதையும் இழந்தேன். அதனால் 'ரன்' கொடுக்கும் முன் எப்போதும் பட்டியலைப் பார்த்துவிடுகிறேன்.

ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருந்தால் 2.1, 2.2 என்று கிளைகள் வரும். 'டிசேபிள் 2.1' ஒன்றை மட்டும் அணைக்கும். ஆனால் தாய் எண்ணான 2 அணைந்திருக்கும்போது 2.1-ஐ எழுப்பிப் பயனில்லை. முதலில் 2-ஐ எழுப்புங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'எனேபிள் ஒன்ஸ் 2': ஒருமுறை நின்றதும் தானே அணைந்துகொள்ளும். இதையே 'எனேபிள் டிலீட் 2' என்று கொடுத்தால், நின்றதும் அழிந்துவிடும். தொடக்கக்காரர்கள் அதைத் தொடவே வேண்டாம். முந்நூறாவது பில்தான் சந்தேகம் என்றால் 'இக்னோர் 2 299' போதும், அணைக்கவே வேண்டாம்.

பின்சேர்க்கை: ஜிடிபியை மூடினால் எல்லாம் போய்விடுகிறதே என்று கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருந்தார். மூடும் முன் 'சேவ் பிரேக்பாயிண்ட்ஸ்' என்று தட்டி ஒரு கோப்புப் பெயர் கொடுங்கள். மறுநாள் 'சோர்ஸ்' கட்டளையால் அதை ஏற்றினால், அணைத்தவை அணைந்தபடியே திரும்ப வரும்.