பழைய சக்குக்கு பேக் பிளேட் கடைந்து பொருத்துவது

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பழைய சக் (லேத்தில் வேலைத்துண்டைப் பிடிக்கும் கருவி) வாங்கினால், அதை லேத்தோடு இணைக்கும் பேக் பிளேட்டும், வேறொரு லேத்துக்குக் கடைந்தது, அதோடு சேர்ந்து வருவதுண்டு. மரை ஒத்துப்போனாலும் அப்படியே மாட்டிவிடாதீர்கள். எந்த ஸ்பிண்டிலில் (லேத்தின் சுழலும் தண்டு) ஓடப் போகிறதோ, அதிலேயே மாட்டிக் கடைந்த பிளேட்தான் ஆட்டமில்லாமல் சுற்றும்.

முதலில் ஸ்பிண்டில் மரை, மரை முடியும் இடத்தில் உள்ள தோள் (தட்டையான விளிம்பு), பிளேட்டின் மரை மூன்றையும் மண்ணெண்ணெய் விட்டு பிரஷ்ஷால் கழுவுங்கள். பக்கத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறை இருந்தால் இன்னொரு முறை கழுவுங்கள். அந்தத் தூசு மரையையே தின்றுவிடும். பிளேட் தோளில் முட்டித்தான் நிற்க வேண்டும், மரையில் இறுகி அல்ல. முட்டவில்லை என்றால் பிளேட்டின் பின்வாயில் ஒன்றிரண்டு மரையைக் கடைந்து எடுத்துவிடுங்கள்.

வார்ப்பிரும்பின் மேல்தோல் கடினமானது, மணலும் ஒட்டியிருக்கும். அதை மெல்லச் சுரண்டினால் டூல் முனைதான் மழுங்கும். முதல் வெட்டே 1 மி.மீ.க்குக் குறையாமல், தோலுக்கு அடியில் போகட்டும். 200 மி.மீ. பிளேட்டுக்கு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் என்றால் 30 ஆர்.பி.எம்., கார்பைடு என்றால் 100 முதல் 120 வரை. கூலன்ட் வேண்டாம். லேத்தின் அடித்தளமான பெட் மேல் தூள் விழாமல் மூடி வையுங்கள்.

அடுத்தது படி, அதாவது சக்கின் பின்குழிக்குள் உட்காரும் பிளேட்டின் வட்ட மேடு. சக்கின் பின்குழி விட்டத்தை அளந்து, படியை அதைவிட 0.02 மி.மீ. மட்டும் சிறிதாகக் கடையுங்கள். படியின் உயரம் குழியின் ஆழத்தைவிட 0.3 மி.மீ. குறைவாக இருக்கட்டும். சக்கைத் தாங்குவது வெளிமுகம், படி மையப்படுத்த மட்டுமே. படி குழியின் அடியில் முட்டினால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் சக் ஆடும். படியின் அடிமூலையில் சின்னக் காடி போடுங்கள், விளிம்பில் பிசிறு நீக்குங்கள்.

பலர் கோட்டை விடுவது சூட்டில்தான். 165 மி.மீ. படி 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 0.03 மி.மீ.க்கு மேல் விரியும். சூட்டோடு சரியான அளவுக்குக் கடைந்தால், ஆறியதும் சக் லொடலொடக்கும். தர்மபுரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வேலை என்றால், கடைசி வெட்டுக்கு முன் பிளேட்டும் சக்கும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். அவசரத்தில் படி சிறுத்துவிட்டால் தகடு செருகாதீர்கள். தடிமன் இருந்தால் முகத்தைக் கடைந்து புதுப் படி எடுங்கள்.

போல்ட் துளைகளை ஸ்கேல் வைத்துக் குறிக்க வேண்டாம். சக்கின் மரைத்துளைகளில் கூர்முனை கிரப் ஸ்குரூக்களை (தலையில்லாத திருகு) முனை சற்று வெளியே தெரியும்படி திருகி, படியில் பொருத்தி மரச்சுத்தியலால் தட்டினால் புள்ளி விழும். எம் 10 போல்ட்டுக்கு 11 மி.மீ. துளை. துளை இறுக்கமாக இருந்தால் போல்ட்டே சக்கை ஒருபக்கம் இழுத்துவிடும்.

சக்கைத் தூக்கும்போது பெட் மேல் பலகை போடுங்கள். போல்ட்டுகளை மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். பிறகு ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை முதலில் சக் உடம்பில் வையுங்கள், அடுத்து ஜாவில் (சக்கின் பிடிக்கும் தாடை) பிடித்த, கிரைண்ட் செய்த நேரான ராடில். உடம்பு சரியாக ஓடி ராட் மட்டும் 0.1 மி.மீ. காட்டினால், தேய்ந்திருப்பது ஜாவோ அதை நகர்த்தும் ஸ்க்ரோலோதான். அதற்காக பிளேட்டைத் திரும்பக் கடையாதீர்கள்.