மூன்று ஆப்ஜெக்ட், ஒரே டிடிஓ: மேப்ஸ்ட்ரக்டில் சேர்ப்பது எப்படி

ஆர்டர் விவரப் பக்கத்துக்கு ஒரு ஏபிஐ எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். தேதியும் தொகையும் ஆர்டர் என்டிட்டியில் இருக்கும், பெயரும் போன் நம்பரும் கஸ்டமரில், தெருவும் பின்கோடும் அட்ரஸில். ஸ்கிரீனுக்குப் போவதோ ஒரே டிடிஓ, அதாவது தேவையான தரவை மட்டும் சுமந்து செல்லும் ஒரு ஆப்ஜெக்ட். இதற்காக சர்வீஸுக்குள் வரிசையாக செட்டர்களை அடுக்கியிருந்தால் ரிவ்யூவில் நான் விடமாட்டேன். ஜாவாவில் இந்த வேலைக்கென்றே மேப்ஸ்ட்ரக்ட் இருக்கிறது: ஒரு ஆப்ஜெக்டிலிருந்து இன்னொன்றுக்குத் தரவை மாற்றும் கோடை அதுவே எழுதித் தரும் லைப்ரரி.

ஒரு இன்டர்ஃபேஸ் எழுதி அதன் மேல் மேப்பர் அனோட்டேஷனைப் போடுங்கள். ஸ்பிரிங் என்றால் காம்பொனென்ட் மாடலில் அதைச் சொல்லிவிடுங்கள். உள்ளே ஒரே மெத்தட்: ஆர்டர், கஸ்டமர், அட்ரஸ் மூன்றும் பேராமீட்டர், திரும்பி வருவது டிடிஓ. பெயர் ஒத்துப்போகும் ஃபீல்டுகளை கம்பைல் நேரத்திலேயே மேப்ஸ்ட்ரக்ட் இணைத்துவிடும்.

ஐடியில்தான் முதல் தகராறு வரும். மூன்று என்டிட்டியிலும் ஐடி உண்டு. டிடிஓவிலும் இருந்தால் எதை எடுப்பதென்று தெரியாமல் கம்பைல் நின்றுவிடும். மேப்பிங் அனோட்டேஷனில் டார்கெட் "ஐடி", சோர்ஸ் "ஆர்டர்.ஐடி" என்று பேராமீட்டர் பெயரோடு எழுதினால் சரி.

இப்படிக் கத்துகிற பிழையைப் பற்றிக் கவலையே இல்லை. கத்தாமல் நுழைவதுதான் ஆபத்து. டிடிஓவில் 'ஸ்டேட்டஸ்' இருக்கிறது. ஆர்டரில் அதன் பெயர் 'ஆர்டர் ஸ்டேட்டஸ்'. கஸ்டமரில் வெறும் 'ஸ்டேட்டஸ்'. மேப்ஸ்ட்ரக்ட் கஸ்டமருடையதை எடுத்துக்கொள்ளும், எந்த எச்சரிக்கையும் வராது. டெலிவரி ஆன ஆர்டரின் நிலை 'ஆக்டிவ்' என்று ஸ்கிரீனில் நிற்கும். அதனால் ஐடி, நேம், ஸ்டேட்டஸ், கிரியேட்டட் அட் போன்ற பொதுப் பெயர்களுக்கு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சோர்ஸை எழுதிவிடுங்கள். கூடவே அன்மேப்டு டார்கெட் பாலிசியை, அதாவது டிடிஓவில் எதுவும் இணையாத ஃபீல்டு இருந்தால் என்ன செய்வது என்ற அமைப்பை, எரர் ஆக்குங்கள். டீஃபால்ட்டாக அது வெறும் வார்னிங்தான், பில்டு லாகில் வார்னிங்கை யார் படிக்கிறார்கள்?

அப்புறம் நல், அதாவது ஆப்ஜெக்டே இல்லாத நிலை. மூன்று சோர்ஸும் நல் என்றால்தான் மெத்தட் நல் தரும். கடையிலேயே வாங்கிக்கொள்ளும் ஆர்டருக்கு அட்ரஸ் நல்லாக வரலாம். அந்த ஃபீல்டுகள் மட்டும் காலியாக இருக்கும், மற்றவை நிரம்பும். இது நமக்கு வசதி. ஆனால் ஆர்டரே நல்லாக வந்து கஸ்டமர் மட்டும் இருந்தாலும் ஒரு அரைகுறை டிடிஓ கிளம்பிப் போகும். ஆர்டர் இருக்கிறதா என்பதை மேப்பரைக் கூப்பிடும் முன்பே சர்வீஸில் பார்த்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் மேவனின் டார்கெட் ஃபோல்டருக்குள் ஜெனரேட்டட் சோர்ஸைத் திறந்து பாருங்கள். சாதாரண இஃப், கெட்டர், செட்டர்தான்; நீங்களே எழுதியது போல இருக்கும்.

கெட்டர், செட்டர்களைத் தானே உருவாக்கித் தரும் லொம்பாக் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. லொம்பாக்கின் 1.18.16 பதிப்பிலிருந்து, இரண்டையும் இணைக்கும் 'லொம்பாக் மேப்ஸ்ட்ரக்ட் பைண்டிங்'கையும் பில்டு ஃபைலின் அனோட்டேஷன் பிராசஸர் பாத்தில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கண்ணெதிரே இருக்கிற ஃபீல்டையே இல்லை என்று மேப்ஸ்ட்ரக்ட் சாதிக்கும்.

ஒரு ஆர்டருக்குப் பதில் லிஸ்ட் வந்தால், ஆர்டரும் கஸ்டமரும் ஜோடி சேரும் இடம் சர்வீஸ்தான். தேவையான கஸ்டமர்களை ஒரே குவரியில் எடுத்து ஐடி வாரியாக ஒரு ஜாவா மேப்பில் (Map) வைத்துக்கொள்ளுங்கள், அட்ரஸுக்கும் அப்படியே. பிறகு லூப்பில் ஒவ்வொரு ஆர்டருக்கும் மேப்பரைக் கூப்பிடுங்கள். மேப்பருக்குள் ரெப்பாசிட்டரியை (டேட்டாபேஸைப் படிக்கும் கிளாஸ்) இன்ஜெக்ட் செய்து அங்கேயே கஸ்டமரைத் தேடினால், நூறு ஆர்டருக்கு நூறு குவரி ஓடும்.