பூனை இருக்கிற வீட்டுக்குக் காப்பக நாயைக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் பூனை வளர்ப்பது செல்லத்துக்காக மட்டுமில்லை. காலபோக நெல்லை வெட்டி மூட்டையாக அறைக்குள் அடுக்கினால் அதற்குக் காவல் பூனைதான். கோழியும் குழந்தையும் திரிகிற வளவில் எலிப்பாசாணம் வைக்க மனம் வராது. நாயின் வேலை வேறு. படலையடியில் ஆள் வந்தால் குரைக்க வேண்டும், இரவில் பன்றியைக் கிட்ட அண்ட விடக்கூடாது. ஆகவே இரண்டும் ஒரே வளவில் இருப்பது நமக்குப் புதிதில்லை. முன்பு அயலில் நாய் குட்டி போட்டால் ஒன்றைத் தூக்கி வருவோம், அது பூனையோடு சேர்ந்தே வளரும். இப்போது வளர்ந்த நாயைக் காப்பகத்திலிருந்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்று ஒரு சரணாலயமே நடத்துகிறது. கைவிடப்பட்ட நாய்க்கு ஒரு வீடு கிடைப்பது நல்ல காரியம், அதில் இரண்டாம் பேச்சு இல்லை.

ஆனால் வளர்ந்த நாய் தன் பழக்கங்களோடுதான் வரும். வீட்டிலோ ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. பலரும் நினைப்பது போல, நாய் பூனையைக் கடித்துவிடுவது இங்கே அடிக்கடி நடப்பதில்லை. பூனை வீட்டை விட்டுப் போய்விடுவதுதான் நடக்கிறது. கொழும்பில் மாடி வீட்டுக் கதவைச் சாத்தினால் பூனைக்கு வேறு போக்கில்லை. நம்முடைய வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் இடையில் ஒரு கை அகல இடைவெளி இருந்தால் போதும். நான்கு வீடு தள்ளி மீன் கழுவுகிற ஆச்சியிடம் போய் இருந்துவிடும். வந்த நாயையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதால், பூனை போனது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும். கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

கேட்காமல் எடுப்பது

காப்பகத்துக்குப் போனால் முகத்தைப் பார்த்து மனம் இளகிவிடும். மூலையில் ஒடுங்கிக் கிடக்கிற நாயையோ ஓடி வந்து காலை நக்குகிற நாயையோ பிடித்துவிடும். இளகட்டும், ஆனால் வாயைத் திறந்து கேட்கவும் வேண்டும். இது எங்கிருந்து வந்தது? முன்பு வீட்டில் இருந்ததா, வீதியில் திரிந்ததா? காப்பக வளவில் பூனை வந்தால் என்ன செய்கிறது? கோழியைக் கண்டால்?

கோழிக் கேள்வி முக்கியம். வன்னி நாய்களில் ஒரு பகுதி வேட்டைக்குப் போய்ப் பழகியவை. முயல், உடும்பு என்று காட்டில் துரத்திப் பிடித்த நாய்க்கு, ஓடுகிற சின்ன உருவம் எல்லாம் ஒன்றுதான். அது கெட்ட நாயில்லை. பூனையில்லாத, தோட்டம் காக்க வேண்டிய வீட்டுக்கு அது தங்கமான நாய். உங்கள் வீட்டுக்குச் சரிவராது, அவ்வளவுதான்.

முடிந்தால் காப்பகத்துப் பணியாளரிடம் சொல்லி, நாயைக் கயிற்றில் பிடித்தபடி தூரத்தில் ஒரு பூனையைப் பார்க்க விடுங்கள். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பி, உங்கள் கையை மணந்து பார்க்கிற நாய் நல்ல தெரிவு. உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் கொட்டாமல் நிற்கிற நாய், கூப்பிட்டாலும் காது அசையாத நாய் வேண்டாம். குரைக்கவில்லையே, அமைதியாக நிற்கிறதே என்று ஏமாறக்கூடாது. குரைப்பதை விட இந்த அமைதிதான் பயப்பட வேண்டியது.

குட்டியாக எடுத்தால் பிரச்சினை இல்லை என்பதும் பாதி உண்மைதான். குட்டி பூனையைக் கொல்லாது, ஆனால் ஓயாமல் துரத்தி விளையாடும். வயதான பூனைக்கு அதுவே நரகம். நாலைந்து வயதான, சோம்பல் நாய்தான் பூனை வீட்டுக்குச் சிறந்தது என்பது என் அபிப்பிராயம். அதன் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும், யாரும் விரும்பி எடுக்காத வயதும் அதுதான்.

முதல் நாளே அறிமுகம்

இதுதான் பெரிய தவறு, எல்லோரும் செய்வதும் இதுதான். நாய் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கும். பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், அயலவரும் வந்துவிடுவார்கள். யாராவது ஒருவர் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து நாயின் மூக்குக்கு நேரே நீட்டுவார்: "இந்தா பார், இதுதான் உன்ரை சிநேகிதன்." பூனைக்குத் தப்ப வழியில்லை. தூக்கியவரின் கையைப் பிறாண்டும், நாயின் முகத்திலும் ஒரு இழுப்பு இழுக்கும். நகம் கண்ணில் பட்டால் நாய்க்குப் பார்வையே போகலாம். எதுவும் நடக்காமல் தப்பினாலும், அந்த நாயின் மணமும் அந்தப் பயமும் பூனைக்குள் ஒன்றாகப் பதிந்துவிடும். அதை அழிக்க மாதக்கணக்கு ஆகும்.

முதல் இரண்டு கிழமை இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே தேவையில்லை. இதற்கு நோய்க் காரணமும் உண்டு. புதிய நாய் பார்வோ கழிச்சல் போன்றவற்றை உள்ளே வைத்துக்கொண்டு வந்திருந்தால், பெரும்பாலும் இந்த இரண்டு கிழமைக்குள் வெளியே தெரிந்துவிடும். 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டில் எங்கே பிரித்து வைப்பது என்று கேட்பீர்கள். நெல் மூட்டை இருக்கிற அறையைப் பூனைக்கு விடுங்கள், அது எப்படியும் அதன் ராச்சியம். நாய்க்கு விறாந்தையின் ஒரு பக்கமோ வெளிக் குசினியின் தாழ்வாரமோ போதும். தகரக் கூரைக்குக் கீழே பகலில் கட்டிப்போடாதீர்கள், சித்திரை வெயிலில் நாய் வெந்துவிடும்.

இந்த நாட்களில் மணத்தை மட்டும் பழக்குங்கள். பழைய சாரத் துண்டு ஒன்றால் நாயின் கழுத்தையும் காதோரத்தையும் துடைத்து, பூனை சாப்பிடும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் போட்டு வையுங்கள். பூனை படுத்த சாக்கை நாய்க்குக் கொடுங்கள். துணியைக் கண்டு சீறிய பூனை, சில நாளில் அதைத் தாண்டிப் போய் மீன் தின்னும். அப்போது அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அடுத்தது, இடையில் தடுப்போடு பார்க்க விடுவது. கடையில் விற்கிற விலை கூடிய தடுப்பு ஒன்றும் தேவையில்லை. நாலு சலாகையில் சட்டம் அடித்து, கோழிக்கூட்டுக்கு வாங்கும் கம்பி வலையை ஆணியில் இறுக்கி, அறை வாசலில் நிறுத்தினால் வேலை முடிந்தது. மீன்பிடி வலை வேண்டாம், பூனையின் கால் சிக்கும். வலைக்கு இந்தப் பக்கம் நாய் கயிற்றில், அந்தப் பக்கம் பூனை தன் விருப்பப்படி.

மல்லாவிப் பக்கம் ஒரு வீட்டில் இதைச் சரியாகச் செய்ததைப் பார்த்தேன். மூட்டை அடுக்கின் உச்சியில் சாம்பல் நிறக் கடுவன் பூனை, முன்கால்களை மடித்து உட்கார்ந்திருந்தது. வலைக்கு வெளியே செம்பட்டை நாய். வீட்டு அக்கா கையில் அவித்த கோழி ஈரல், விரல் நுனியளவுத் துண்டுகள். நாய் பூனையைப் பார்க்கும்போது மெதுவாகப் பெயரைச் சொல்வார். திரும்பினால் ஒரு துண்டு. திரும்பாவிட்டால் திட்டுவதில்லை, கயிற்றோடு இரண்டடி பின்னால் கூட்டிப்போய் மறுபடி கூப்பிடுவார். தூரம் கூடியதும் நாய் திரும்பியது. அவர் நாயைப் பார்த்ததை விடப் பூனையின் வாலைத்தான் கூடுதலாகப் பார்த்தார். வால் நுனி இப்படியும் அப்படியும் அடிக்கத் தொடங்கியதும், "சரி, இண்டைக்குக் காணும்" என்று நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மொத்தம் ஐந்து நிமிடம்கூட இல்லை.

அந்த வால் விசயத்தில் பலர் குழம்புகிறார்கள். பூனை வாலை அடித்தால் எரிச்சல், மயிர் சிலிர்த்து வால் பருத்தால் பயம். நாய் வாலாட்டினால் சந்தோசம் என்பதும் எப்போதும் சரியில்லை. உடம்பு தளர்ந்து இடுப்பும் சேர்ந்து ஆடினால் சந்தோசம். வாலை உயர்த்தி, விறைப்பாக, சின்னதாக ஆட்டினால் அது பாயத் தயாராகிறது.

பிரம்பு எடுப்பது

பூனையைப் பார்த்துக் குரைத்ததும் பூவரசந்தடியால் ஒன்று போடுவது நம் ஊர் வைத்தியம். நாய் என்ன படிக்கிறது? பூனை வந்தால் எனக்கு அடி விழுகிறது என்று. நீங்கள் நிற்கும்போது அடங்கியிருக்கும், நீங்கள் வயலுக்குப் போன பிறகு கணக்குத் தீர்க்கும். முழுநாளும் சங்கிலியில் கட்டி வைத்து, பூனை அதன் முன்னால் போய் வர விடுவதும் இதே வகை. எட்டாத ஒன்றைப் பார்த்துப் பார்த்துப் பொங்குகிற நாய், சங்கிலி அறுந்த அன்று நேரே அதைத்தான் தேடிப் போகும். காலையும் மாலையும் வயல் வரம்பில் நடக்கக் கூட்டிப்போங்கள், களைத்த நாய்க்குப் பூனையில் அக்கறை குறைவு.

மருந்தில் விடும் பிழை

இதை மட்டும் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் மற்றத் தவறுகளைத் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது. காப்பக நாய்க்கு உண்ணியும் தெள்ளும் இருக்கும். நாய்க்கென்று விற்கும் சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி இருக்கிறது. நாய்க்கு அது பாதுகாப்பானது, பூனைக்கு நஞ்சு. பூனையின் ஈரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம் எடுக்கும், வலிப்பு வரும், செத்துப் போகும். மிச்சம் இருக்கிறதே என்று பூனையின் முதுகிலும் இரண்டு சொட்டு விடுவதுதான் வழக்கமாக நடக்கிற அநியாயம். மருந்து காயாத நாயோடு பூனை உரசினாலும், அதன் மயிரை நக்கினாலும் ஆபத்து. உண்ணிக்குக் குளிப்பாட்டும் அமிட்ராஸ் என்ற மருந்தும் பூனைக்கு ஆகாது. இரண்டு மிருகமும் இருக்கிறது என்று கால்நடை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லி மருந்து கேளுங்கள். கூடவே ஒன்று: பூனை சோர்ந்து கிடந்தால் பனடோல் கொடுக்காதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும்.

விசர்நாய்த் தடுப்பூசியை நாய்க்கு மட்டும் போட்டுவிட்டுப் பூனையை மறந்துவிடுகிறார்கள். பூனைக்கும் அந்த நோய் வரும், மனிதருக்கும் பரப்பும். தடுப்பூசி அட்டையைக் காப்பகத்தில் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் புதிதாகப் போடுங்கள். சுகாதாரத் திணைக்களம் நாய்களுக்கு இலவசமாகப் போடுகிறது, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நாளைக் கேட்கலாம். பழக்குகிற நாட்களில் யாருக்காவது கடியோ பிறாண்டலோ விழுந்தால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம்.

பூனையின் கோப்பையும் மண்ணும்

ஒரே இடத்தில் இரண்டுக்கும் சோறு வைத்தால் நாய் இரண்டையும் தின்றுவிடும், பூனை பட்டினி. பூனையின் சாப்பாட்டை மேசையிலோ யன்னல் கட்டிலோ உயரத்தில் வையுங்கள். நாயின் சாப்பாட்டைப் பூனை பங்குபோட்டால் போதும் என்றும் இருக்காதீர்கள். பூனைக்கு இறைச்சியிலும் மீனிலும் இருக்கிற டோரின் என்ற சத்து கட்டாயம் தேவை, குழம்புச் சோற்றில் அது காணாது.

மண் விசயம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. நம் பூனைகள் வளவு மூலையில் மண்ணைக் கிளறி வெளிக்கிருக்கப் பழகியவை. அந்த மூலைக்குப் போகும் வழியில் நாய் நின்றால் பூனை அடக்கிக்கொண்டிருக்கும், பிறகு நெல் மூட்டையில் பெய்யும். பூனை பழி வாங்குகிறது என்பார்கள். பழியுமில்லை, ஒன்றுமில்லை, போக இடமில்லை. ஒரு பழைய பேசினில் குளத்து மணலைப் போட்டு அறைக்குள் வையுங்கள், நாய்க்கு எட்டாமல், ஏனென்றால் எட்டினால் அது பூனையின் மலத்தைத் தின்னும். கடுவன் பூனை மணலில் குந்திக் குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். பயத்தில் வருகிற அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். ஒரு நாளுக்கு மேல் ஒன்றும் தின்னாமல் ஒளிந்திருந்தாலும் அப்படித்தான்.

எப்போது கயிற்றை அவிழ்ப்பது என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. மூன்று நாள் மிரட்சி, மூன்று கிழமை பழக்கம், மூன்று மாதம் போனால் வீடு என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு உத்தேசக் கணக்குச் சொல்வார்கள். பூனை முற்றத்தைக் குறுக்கே கடந்தும் நாய் படுத்த இடத்தை விட்டு எழும்பவில்லை என்றால், கயிற்றை நிலத்தில் இழுபட விட்டுப் பார்க்கலாம். நீங்கள் வீட்டில் இல்லாத நேரமும் இரவும் மட்டும் கடைசி வரைக்கும் பிரித்தே வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் நாய் பூனையை விடவில்லையா? மாதங்கள் போயும் அதே விறைப்பா? காப்பகத்துக்குச் சொல்லுங்கள், திருப்பிக் கொடுப்பதில் வெட்கமில்லை. ஏ9 வீதியோரம் இறக்கிவிட்டு வருவதுதான் வெட்கம். பூனை ஏற்கெனவே போய்விட்டதென்றால், அது சாப்பிடுகிற வீட்டைக் கண்டுபிடித்து, சோறு வைக்க வேண்டாம் என்று அந்த ஆச்சியிடம் தன்மையாகச் சொல்லுங்கள். மனம் கேட்காமல் வைக்கத்தான் செய்வார், அதனால் வழமையாக மீன் வெட்டும் நேரத்துக்கு நாயைப் பின்வளவில் கட்டிவிட்டு, நீங்களே நாலு நெத்தலித் தலையோடு போய்க் கூப்பிடுங்கள்.