ஏர் ரைஃபிள் பெல்லட்: டப்பாவாக வாங்கும் முன் அளவைச் சோதியுங்கள்

10 மீட்டர் இலக்குக்குத் தட்டைத் தலை பெல்லட்தான் (ஏர் ரைஃபிளில் போடும் சிறிய ஈயக் குண்டு) சரி. அட்டையில் வட்டமாக, பிசிறில்லாமல் துளை போடும். புள்ளி எண்ணுவதில் தகராறு வராது. உருண்டைத் தலை தாளைக் கிழித்துவிடும். ரைஃபிளுக்கு 0.53 கிராம் எடை பொதுவான தேர்வு. அதைவிட லேசானவை பெரும்பாலும் பிஸ்டலுக்கு.

சிக்கல் தலை அளவில். 4.5 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் 4.49, 4.50, 4.51, 4.52 எனப் பல அளவுகள் உண்டு. எது பொருந்தும் என்பதைக் குழல்தான் சொல்லும், நண்பரின் சிபாரிசு அல்ல. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாங்கி, துப்பாக்கியை மேசையில் ஆடாமல் பிடித்துச் சுடுங்கள். அளவு மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழலுக்குள் ஈயப்படிவு சமநிலைக்கு வர அவ்வளவு வேண்டும். பிறகு ஒரே அட்டையில் ஐந்து. துளைக்கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து விளிம்புவரை அளந்து 4.5 மி.மீ. கழித்தால் உண்மையான சிதறல் கிடைக்கும். அது 5 மி.மீட்டரைத் தாண்டினால், எவ்வளவு நன்றாகக் குறிபார்த்தாலும் சில குண்டுகள் பத்து மதிப்பெண் தரும் நடுப்பொட்டைத் தொடாது. அந்தப் பொட்டே 0.5 மி.மீ. தான், குண்டின் 4.5 மி.மீ. அகலத்தைச் சேர்த்தால் 5 மி.மீ. ஒருமுறை பார்த்து முடிவுகட்டாமல் மூன்று நான்கு தடவை சுட்டுப் பாருங்கள்.

பாவாடை மாதிரி விரிந்த பின்விளிம்பு நசுங்கியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். காற்று ஒருபக்கமாகக் கசிந்து குண்டு விலகும். சென்னையின் ஈரக்காற்றில் ஈயம் வெண்மையாகப் பூக்கும், டப்பாவில் சிலிக்கா பொட்டலம் போடுங்கள். சுட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடாதீர்கள்.