வீடு வாங்குமுன் வாசலில் நிற்கும் மரத்தைப் பாருங்கள்

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் வீடு தேடுபவர்கள், சமையலறையை அளப்பதற்கு முன் வாசலில் தெருவோரம் நிற்கும் மரத்தை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. அந்நாட்டு வனத்துறை ஆய்வாளர் ஜெஃப்ரி டோனவன் 2010இல் சக ஆய்வாளருடன் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே தெரு மரங்கள் வீட்டின் விற்பனை விலையில் சராசரியாக 8,870 டாலரைக் கூட்டுகின்றன, வீடும் 1.7 நாள் முன்னதாகவே விலைபோகிறது. வேடிக்கை என்னவென்றால், பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் மரமும் உங்கள் வீட்டு விலையை உயர்த்தும். தண்ணீர் ஊற்றுவது அவர், லாபத்தில் பங்கு உங்களுக்கு!

ஆனால் வேர் நடைபாதையைத் தூக்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அதைச் செப்பனிடும் செலவு அங்கே வீட்டுக்காரர் தலையில்தான் விழும். தெரு மரத்தை அனுமதியின்றி வெட்டவும் முடியாது. பேரம் பேசும்போதே இந்தச் செலவைக் கழித்துக் கேளுங்கள்.