வைர மோதிரம் வாங்கும்போது காரட் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கம் தங்கம் வாங்கத் தெரியாதவர்கள் குறைவு. சேதாரத்தில் கால் சதவீதம் குறைக்க டவுன் ரத வீதிக் கடையில் அரை மணி நேரம் வாதாடுகிற பெரியம்மாக்கள்கூட, வைரம் என்றதும் சொன்ன விலைக்குத் தலையாட்டி விடுகிறார்கள். காரட் கணக்கு பிடிபடாததுதான் காரணம்.

ஒரே மோதிரத்தில் இரண்டு காரட் வரும். தங்கத்துக்குச் சொல்வது தரம். வைர நகையைப் பெரும்பாலும் 18 காரட்டில் செய்கிறார்கள். ஆயிரத்தில் 750 பங்கு தங்கம் என்பதற்கு அடையாளமாக 750 என்று முத்திரை இருக்கும். வைரத்துக்குச் சொல்வது எடை. 1 காரட் என்றால் 200 மில்லிகிராம், அவ்வளவுதான். அதற்குக் கீழே சென்ட். நூறு சென்ட் ஓர் ஏக்கர் என்று வயல் கணக்குப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சுலபம்: நூறு சென்ட் ஒரு காரட்.

எடை கூடினால் கல் அதே அளவு பெரிதாகத் தெரியும் என்று நம்புவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. வட்டமாகப் பட்டை தீட்டிய 50 சென்ட் கல்லின் அகலம் ஏறத்தாழ 5.1 மில்லிமீட்டர். 1 காரட் கல் ஏறத்தாழ 6.4. எடை இரண்டு மடங்கு, அகலம் கால் பங்குதான் கூடுகிறது. கல் அகலத்தில் மட்டுமா வளர்கிறது, ஆழத்திலும் வளர்கிறதே! அடிப்பக்கம் தேவைக்கு மேல் ஆழமாக வெட்டிய கல்லில் எடை கீழே ஒளிந்துகொள்ளும். மேலிருந்து பார்த்தால் சின்னதாக இருக்கும், ஒளியும் மங்கும், விலை மட்டும் எடைக்கு ஏற்றபடி. அதனால் காரட்டைக் கேட்டதோடு நிற்காமல் மில்லிமீட்டரையும் கேளுங்கள். ஜிஐஏ, ஐஜிஐ போன்ற வைரப் பரிசோதனைக் கூடங்கள் தருகிற சான்றிதழ்களில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் இருக்கும்.

முழு எண்ணில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் செலவுதான். 50 சென்ட், 1 காரட் என்று எல்லோரும் கேட்கிற எடையைத் தொட்டதும் காரட்டுக்கான விலையே ஒரு படி ஏறிவிடும். அந்த ஏறிய விலை முழுக் கல்லுக்கும் விழும். 90 சென்ட் கல்லுக்கும் 1 காரட் கல்லுக்கும் அகலத்தில் கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. விரலில் போட்டபின் அதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? மிச்சப் பணத்தில் வெட்டு நன்றாக அமைந்த கல்லாகப் பார்க்கலாம்.

அடுத்தது மொத்த எடை. “70 சென்ட் வைரம்” என்று சொல்லிக் காட்டுகிற மோதிரத்தில் 10 சென்ட் கற்கள் ஏழு இருக்கலாம். எடை அதேதான், விலை அதே ஆகாது. 70 சென்ட்டில் ஒற்றைக் கல் கிடைப்பது அரிது என்பதால் அதன் விலை பல மடங்கு அதிகம். ஏழு கல் வைத்தது நம் பக்கத்துக்குப் பிடித்த வேலைப்பாடு, வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் ஒற்றைக் கல் விலையோடு ஒப்பிட்டு “மலிவாகக் கிடைத்தது” என்று சந்தோஷப்பட வேண்டாம். “அண்ணாச்சி, இது ஒரே கல்லா, எல்லாக் கல்லும் சேர்ந்த எடையா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

பில்லைப் பார்க்காமல் பையில் வைப்பது இன்னொன்று. மோதிரம் மொத்தம் 4 கிராம், கற்கள் 70 சென்ட் என்றால் கல்லின் எடை 0.140 கிராம். தங்கம் 3.860 கிராம்தான். தங்க விலையும் அதன் மேல் போடுகிற சேதாரமும் இந்த நிகர எடைக்கே வர வேண்டும். இல்லாவிட்டால் கல்லுக்கு வைர விலையும் கொடுத்து, அதே எடைக்குத் தங்க விலையும் கொடுத்ததாக ஆகும். மொத்த எடை, நிகர எடை, கல்லின் காரட், கல்லின் எண்ணிக்கை எல்லாம் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரமா, சுரங்க வைரமா என்பதும் பில்லில் இருக்கட்டும். இரண்டும் வைரமே, காரட் கணக்கும் ஒன்றே. விலையில்தான் பெரிய இடைவெளி.

ஆச்சியின் வைரத்தோட்டைப் பிரித்து பேத்திக்கு மோதிரம் செய்யக் கொடுக்கிற வீடுகள் இங்கே நிறைய. பழைய தோடுகளில் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும். அதனால் கட்டியபடியே பார்த்து யார் எடை சொன்னாலும் அது உத்தேசம்தான். கல்லைக் கழற்றும்போது கூடவே இருந்து, ஒவ்வொன்றையும் காரட் தராசில் வைத்து எடையையும் அகலத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். “வைரக் கல் 14” என்று மட்டும் எழுதிக் கொடுக்கிற சீட்டை நம்பி வீட்டுக்கு வராதீர்கள். மோதிரம் திரும்பி வரும்போது எண்ணிக்கை சரியாக இருக்கும், எடை சரியா என்று எதை வைத்துக் கேட்பீர்கள்?