விடுமுறையில் முடி மாற்று சிகிச்சை: எந்த முறை, எத்தனை நாள், யார் கை

தாயகத்துக்கு வரும் மூன்று நான்கு வார விடுமுறைக்குள் பல் வைத்தியத்தையும் மூக்குக் கண்ணாடியையும் முடித்துக்கொண்டு திரும்புவது நம்மவர்களின் பழைய வழக்கம். அந்த வேலைகளோடு இப்போது முடி மாற்று சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் இதற்கான நிலையங்கள் நிறைய உள்ளன. அவற்றின் விளம்பரங்கள் எஃப்.யு.டி., எஃப்.யு.இ., சஃபையர், டி.எச்.ஐ. என்று பெயர்களை அடுக்கும் விதத்தைப் பார்த்தால், கைப்பேசியைப் போலக் கடைசியாக வந்ததே சிறந்தது என்று தோன்றும். உண்மையில் இவை ஒரே வேலையைச் செய்யும் வெவ்வேறு வழிகளே. எது பொருந்தும் என்பதை உங்கள் பின்னந்தலையும், நீங்கள் முடி வெட்டிக்கொள்ளும் விதமும், ஊரில் தங்கும் நாள்களும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

ஆண்களின் பரம்பரை வழுக்கையில் டி.எச்.டி. என்ற ஹார்மோன் முன்தலை, உச்சந்தலை வேர்களை மெல்ல மெல்லச் சிறுத்துப் போகச் செய்கிறது. பின்னந்தலையிலும் காதோரங்களிலும் உள்ள வேர்களை அது பெரும்பாலும் தீண்டுவதில்லை. அந்த வேர்களைப் பெயர்த்து முன்னால் நட்டாலும் அவை தம் பழைய இயல்பையே காக்கின்றன என்பதை நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் 1959-இல் வெளியிட்டார். இன்றுள்ள எல்லா முறைகளுக்கும் அடிப்படை இதுவே. ஆனால் பெயர்த்த இடத்தில் மறுபடி முளைக்காது. ஒன்று முதல் நான்கு முடிகள் கொண்ட வேர்த்தொகுதியைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள். பலருக்கு வாழ்நாள் முழுவதற்குமாகப் பாதுகாப்பாக எடுக்கக்கூடியவை ஏறத்தாழ 4000 முதல் 6000 கிராஃப்ட்டுகள்தான். 25 வயதில் நெற்றியோரத்தைப் பதின்வயதுக் கோட்டுக்கு இறக்கி 3000 கிராஃப்ட்டுகளைச் செலவிட்டவருக்கு, 40 வயதில் உச்சந்தலை முடி உதிரும்போது கையிருப்பு போதாமல் போகலாம். விலை கேட்கும்போது எண்ணிக்கை கிராஃப்ட்டா முடியா என்பதையும் தெளிவாகக் கேளுங்கள்; 4000 முடி என்பது பெரும்பாலும் 2000 கிராஃப்ட் அளவுதான்.

எஃப்.யு.டி. முறையில் பின்னந்தலையிலிருந்து ஒரு மெல்லிய தோல் பட்டையை வெட்டியெடுத்துத் தையல் போடுகிறார்கள். அந்தப் பட்டையை நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தனித்தனி வேர்த்தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். கண்ணால் பார்த்துப் பிரிப்பதால் வேர் அறுபடுவது குறைவு. தலையை முழுதாக மழிக்கவும் வேண்டியதில்லை. ஒரே அமர்வில் நிறையவும் கிடைக்கும். குறை என்னவென்றால், காதுக்குக் காது ஒரு கோட்டுத் தழும்பு நிரந்தரமாக நிற்கும். வெளிநாட்டு முடிதிருத்தகங்களில் பக்கவாட்டை ஒட்ட வெட்டும் ஃபேட் பாணிக்குப் பழகியவர்களுக்கு அது வெளியே தெரியும். காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்து மேலெழும்பியவர்கள் இந்த முறையைத் தவிர்ப்பது நல்லது. நம் நிறத் தோலில் அவ்வாறு தடிப்பது அரிதன்று.

எஃப்.யு.இ. முறையில் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள துளைக்கருவியால் வேர்த்தொகுதிகளை ஒவ்வொன்றாகக் குடைந்தெடுக்கிறார்கள். தையல் இல்லை, வலியும் குறைவு, புள்ளித் தழும்புகள் மட்டுமே எஞ்சும். இன்று பெரும்பாலோர் கேட்டு வருவது இதைத்தான். விடுமுறையில் வருவோர் பலருக்கும் இது பொருந்தும் என்றே நானும் கருதுகிறேன். ஆயினும் தோலுக்கு அடியில் வேர் எப்படி வளைகிறது என்பது வெளியே தெரியாது என்பதால், கை தேராதவரிடம் வேர்கள் அறுபடும். எண்ணிக்கை ஆசையில் அளவுக்கு மீறி எடுத்தால் பின்னந்தலை பூச்சி அரித்த துணிபோல் ஆகிவிடும். அதைப் பின்னர் சரிசெய்வது கடினம்.

சஃபையரும் டி.எச்.ஐ.யும் எடுக்கும் முறைகளல்ல, நடும் முறைகள். இரண்டிலும் வேர்கள் எஃப்.யு.இ. வழியில்தான் எடுக்கப்படுகின்றன. சஃபையரில் நடுவதற்கான கீறல்களை உலோகக் கத்திக்குப் பதில் நீலமணிக் கத்தியால் போடுகிறார்கள், அவ்வளவுதான். டி.எச்.ஐ.யில் தென் கொரியாவில் உருவான சோய் பேனாவைக் கொண்டு, தனியாகக் கீறல் போடாமல் வேரை நேரே செலுத்துகிறார்கள். முடி முற்றும் கொட்டாமல் அடர்த்தி மட்டும் குறைந்தவர்களுக்கும், நடும் இடத்தை மழிக்க விரும்பாத பெண்களுக்கும் இது பயன்படும். பரந்த வழுக்கைக்கு இதற்கென்று கூடுதல் பணம் தருவதில் பெரிய பொருளில்லை.

பழனிக்கோ திருச்செந்தூருக்கோ மொட்டை நேர்ந்துகொண்டிருப்பவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆண்டுதோறும் மொட்டை போடும் குடும்பத்தில் எஃப்.யு.டி. தழும்பு ஒவ்வொரு முறையும் ஊருக்கே தெரியும். சிகிச்சைக்கு முந்தைய நாள் மொட்டை போட்டுக்கொண்டு போவதும் உதவாது. முடி முளைக்கும் கோணத்தைப் பார்க்க ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமாவது வேண்டும். ஆகவே நேர்த்திக்கடனை வந்தவுடன் முடித்துவிட்டு, சவரக் கீறல்கள் ஆறி முடி சற்றுத் தலைகாட்டும் வரை ஐந்தாறு நாள் விட்டுச் செல்லலாம். இராமேசுவரத்தின் 22 தீர்த்தங்களில் வாளி வாளியாகத் தலையில் நீர் வாங்குவது, குற்றால அருவியில் நிற்பது, எண்ணெய்க் குளியல் ஆகியவற்றையெல்லாம் சிகிச்சைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நாள் கணக்கு பலரும் தவறும் இடம். நட்ட வேர்கள் உறுதியாகப் பிடிக்க ஏறத்தாழ 10 நாள் ஆகும். அதுவரை தலைக்கவசம் அழுத்தக்கூடாது என்பதால், ஊரில் இருசக்கர வாகனமே வேண்டாம். மூன்றாம் நாளை ஒட்டி நெற்றி வீங்கிச் சில சமயம் கண்ணிமை வரை இறங்கும். பார்ப்பவர்கள் பதறினாலும் அது தானாக வடிந்துவிடும். எஃப்.யு.டி. தையலைப் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். எனவே திரும்பும் விமானத்துக்கு எஃப்.யு.இ. என்றால் குறைந்தது 10 நாளும், எஃப்.யு.டி. என்றால் 14 நாளும் முன்னதாகச் சிகிச்சை நடந்திருக்க வேண்டும். குடும்பத்தில் திருமணம் இருந்தால் அதற்குப் பின்புதான். நட்ட முடி இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களுக்குப் பின் புதிதாக முளைக்கத் தொடங்கி, 9 முதல் 12 மாதங்களில்தான் முழு உருவம் பெறும். அடுத்த மாதத்துப் புகைப்படத்துக்காக இதைச் செய்துகொள்வோர் ஏமாந்துபோவார்கள்.

முறையைவிட முக்கியமானது, கருவியைப் பிடிப்பவர் யார் என்பது. 2016-இல் சென்னையில் இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் இந்தச் சிகிச்சையின்போது நிலைமை மோசமாகி உயிரிழந்தார். பல மணி நேரத்துக்குப் பகுதி மயக்க மருந்து செலுத்தப்படும் அறுவை சிகிச்சை இது. முறையான அறுவைப் பயிற்சி பெற்றவர்களே முடி மாற்று செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எடுப்பதும் கீறல் போடுவதும் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா, டெக்னீஷியனா என்று நேராகக் கேளுங்கள். அவர் பெயரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவிலும், நிலையத்தின் பெயரைத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படியான பதிவிலும் சரிபாருங்கள். அவசர மருந்தும் ஆக்சிஜனும் அறையில் உள்ளனவா என்று கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். வாட்ஸ்அப் படத்தைப் பார்த்தே 3500 கிராஃப்ட் என்று சொல்லி முன்பணம் கேட்பவரை விட்டு விலகுங்கள். புழுவெட்டா, தைராய்டா, இரும்புச் சத்துக் குறைவா, தழும்பாக்கும் தோல் நோயா என்பதை நேரில் தலையைப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. அந்த நிலைகளில் பலவற்றுக்கு நடுவது மருந்தே அல்ல. இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் வாழும் நாட்டிலுள்ள குடும்ப மருத்துவரைக் கேட்காமல் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை உள்ளவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. அந்த அட்டை இல்லாமல் பிரித்தானிய, கனடியக் கடவுச்சீட்டில் வரும் ஈழத்தமிழர்கள், யாழ்ப்பாணம் போகும் வழியில் சென்னையில் இறங்கிச் செய்துகொள்ள நினைத்தால், சுற்றுலா விசாவுக்குப் பதில் மருத்துவ விசாவுக்கு விண்ணப்பிப்பதே முறை. மருத்துவச் சேவைகளுக்குள்ள ஜி.எஸ்.டி. விலக்கு அழகுக்காகச் செய்யும் முடி மாற்றுக்குப் பொருந்தாது; சொல்லும் தொகையில் வரி அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

நட்ட முடி நிலைக்கும் என்றாலும், சுற்றியுள்ள பழைய முடி தொடர்ந்து மெலியும். அதைக் காக்கப் பலருக்கு மினாக்சிடிலும், ஆண்களுக்கு ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரையும் எழுதித் தருவார்கள். பின்னதால் சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறையக்கூடும். புராஸ்டேட் சோதனையான பி.எஸ்.ஏ. அளவையும் அது குறைத்துக் காட்டும் என்பதால் நீங்கள் வாழும் நாட்டு மருத்துவரிடம் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. புறப்படும் முன் அறுவைக் குறிப்பைக் கையொப்பத்துடன் வாங்குங்கள். ஒற்றை, இரட்டை, மூன்று முடித் தொகுதிகள் எத்தனை எடுக்கப்பட்டன, துளைக்கருவியின் அளவு என்ன, பின்னந்தலையில் இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்பவை அதில் இருக்க வேண்டும். பத்தாண்டு கழித்து வேறொரு நாட்டில் வேறொரு மருத்துவர் உங்கள் தலையைப் பார்க்கும்போது முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.